சாட்சி என்று கையெழுத்திட்டவள்

என் மனைவி பிரபாவதி ஒரு பொருளைக் கண்டுபிடித்தாள். அதை அவள் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு அவளுடைய கையெழுத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஒன்றிரண்டு கையெழுத்து இல்லை, நூற்று நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றின் கீழும் தேதி போட்டிருக்கிறாள். எங்கேயும் சுருக்கி எழுதவில்லை. எல்லாப் பக்கத்திலும் முழுப் பெயர், தமிழில்.

அவள் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நாற்பத்தாறு வயது. மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து சரிந்துவிட்டாள். மாரடைப்பு என்றார்கள். அதற்கு யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றுக்குத்தான் குற்றம் சொல்கிறேன். அதற்கு முன்பு நடந்த ஒன்றுக்கும்.

பிரபா மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. கரும்பு வெட்டப் போகிற குடும்பம். அந்தத் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். கடலூரில் வேதியியல் படித்தாள். எனக்கு அவளைக் கட்டிவைத்தபோது என் அப்பா பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஊழியர். சுரங்க டவுன்ஷிப்பில் பதினாறாம் வட்டத்தில் குவார்ட்டர்ஸ். நான் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

மந்தாரக்குப்பத்துக்கு வெளியே ஒரு தனியார் கம்பெனி இருக்கிறது. பழுப்பு நிலக்கரியை வாங்கிக் குவித்துவைத்து, செங்கல் சூளைகளுக்கும் துணி ஆலைகளின் பாய்லர்களுக்கும் அனுப்புகிறவர்கள். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொரு வக்கீல் நோட்டீஸ் வரும், ஏற்கெனவே வந்ததைப் படித்தே எனக்கு அலுத்துவிட்டது. அங்கே ஒரு சின்ன லேப் உண்டு. கரியில் எவ்வளவு ஈரம், எவ்வளவு சாம்பல், எவ்வளவு சூடு தரும் என்று பார்த்து எழுதிக் கொடுக்கிற வேலை. பிரபா அங்கே பதினோரு வருடம் இருந்தாள், கான்ட்ராக்டில்.

கான்ட்ராக்ட் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். பதினோரு மாதம் வேலை. பிறகு ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு புது ஆளாகத் திரும்பச் சேர வேண்டும். அவள் பதினோரு முறை புது ஆளாகச் சேர்ந்தாள். படிவத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'இல்லை' என்று எழுதச் சொல்வார் ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர். ஒவ்வொரு வருடமும் அவள் அதே லேப்பில், அதே மேசையில், அனுபவம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பத்தாவது வருடம் அந்தப் படிவத்தை என்னிடம் காட்டிச் சிரித்தாள்.

"என்னங்க, இந்த வருசமும் எனக்கு ஒண்ணும் தெரியாதாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நான் ஒன்றும் செய்யவுமில்லை.

பழுப்பு நிலக்கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாரும் பற்றவைக்காமலேயே எரியும். குவியலாகக் கிடக்கும்போது காற்றுப் பட்டு உள்ளே சூடேறிக்கொண்டே போகும். கத்திரி வெயிலில் ஒருநாள் உச்சியில் புகை கிளம்பும். தண்ணீர் அடிப்பார்கள். மேலே அணையும். ஈரம் காய்ந்து கரி வெடித்து, வெடிப்பு வழியாகக் காற்று இறங்கி, நான்காம் நாள் வேறு பக்கம் புகையும். அந்தப் புகை எங்கள் மாடிக்கு வரும். துணி காயப்போட முடியாது. குவியலுக்குள் நீளமான கம்பி வெப்பமானியைக் குத்திச் சூடு பார்க்கிற வேலை புவனாவுக்கு. அவளும் கான்ட்ராக்ட்தான். பிரபாவைவிடப் பத்து வயது சின்னவள், வடக்குத்து ஊர்ப் பக்கம். பிரபாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். புவனா கொண்டுவந்து சொல்கிற எண்களை பிரபா எழுதி எழுதிப் பார்த்து, குவியலுக்கு மேலே ஏதாவது தோல் மாதிரி போர்த்திவிட்டால் காற்று இறங்காது என்ற முடிவுக்கு வந்தாள். அனல்மின் நிலையச் சாம்பல் இங்கே மலைமலையாகக் கிடக்கிறது. அதைக் குழைத்துப் பூசலாம். ஆனால் எதில் குழைப்பது? வெறும் தண்ணீரில் குழைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும்.

புளியங்கொட்டை அவளுக்கு எப்படித் தோன்றியது என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கொட்டைகளை ஒரு முறத்தில் தள்ளிக்கொண்டே, "இத அரைச்சி கூழு காய்ச்சித்தானே போஸ்டர் ஒட்டறாங்க" என்றாள். மறுநாளே வாணலியில் வறுத்தாள். தோல் நீங்க வேண்டும் என்றால் வறுத்துத்தான் ஆகவேண்டும். முதல் தடவை நன்றாகச் சிவக்க வறுத்துவிட்டாள். பசை பிடிக்கவேயில்லை. சட்டியில் தண்ணீராக நின்றது. பதினேழு தடவை வறுத்தாள். தோல் லேசாக வெடிக்கிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும், உள்ளே இருக்கிற பருப்பு நிறம் மாறவே கூடாது என்று கண்டுபிடித்தாள். அந்த வாணலியில் அப்புறம் நாங்கள் சமைக்கவில்லை.

அடுத்த தொல்லை, பசை நான்கு நாளில் நாறியது. பூஞ்சை பூத்தது. அதற்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயைக் கொஞ்சம் கலந்தாள். கடலூர்த் துறைமுகத்தில் படகுப் பலகைக்கு அந்த எண்ணெயைப் பூசுவதைக் கல்லூரிக் காலத்தில் பார்த்திருக்கிறாள். பூச்சி அரிக்காது, தண்ணீர் இறங்காது. பண்ருட்டிப் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து ஒரு டின் வாங்கிவந்தாள். தோலைச் சுடுகிற எண்ணெய் அது. அவள் விரல் நுனிகள் கறுத்து உரிந்தன. பள்ளி விழா ஒன்றில் என்னுடன் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, "கையில என்னங்க, படையா?" என்று கேட்டுத் தன் கையை இழுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் எங்கே எழுதப்பட்டது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான விஷயம்.

நான்கரை வருடங்களுக்கு முன்னால் அந்தக் கம்பெனிக்குச் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார்கள். லேப் நோட்டு எப்படி எழுத வேண்டும் என்று வகுப்பு எடுத்தார். தாள் தாளாக எழுதக் கூடாது. தைத்துக் கட்டிய புத்தகம் வேண்டும். பக்க எண் அச்சிட்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது. பென்சில் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது என்ன என்று படிக்கும்படி இருக்க வேண்டும். அன்றைய வேலையை அன்றே எழுத வேண்டும். ஒரு பொருளை யார் முதலில் கண்டுபிடித்தார், என்றைக்குக் கண்டுபிடித்தார் என்று நாளைக்கு யாராவது கேட்டால் அந்த நோட்டுத்தான் பேசும்.

நாற்காலி ஸ்டாஃப் ஆட்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் ஆட்கள் பின்னால் நின்று கேட்டார்கள். பிரபா அன்று வீட்டுக்கு வந்து ஒவ்வொரு விதியாக எனக்குச் சொன்னாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை. "தப்பக்கூட மறைக்கக் கூடாதாங்க. தப்பும் அங்கயே இருக்கணுமாம்" என்றாள்.

ஒரு விதி மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தின் அடியில் சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறவர் அந்த வேலையைச் செய்தவராக இருக்கக் கூடாது. வெளியே நின்று படித்துப் புரிந்துகொண்டவராக மட்டும்தான் இருக்க வேண்டும். இதை அந்த ஆலோசகர் சொன்னாரா என்று பிறகு புவனாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருப்பாரு சார். நடுவுல எங்க ரெண்டு பேரையும் டீ வாங்க அனுப்பிட்டாங்க. இருவது டம்ளரு. ஒருத்தியால தூக்க முடியாது."

நோட்டு வாங்க வேண்டுமென்றால் பணியாளர் எண் வேண்டும். கான்ட்ராக்ட் ஆளுக்கு எண் கிடையாது. லேப்புக்கு மேலாளர் துரைராஜ். மோசமாகப் பேசுகிற மனிதர் இல்லை. வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிடுவார், நாங்களும் போவோம். அவர் தன் எண்ணில் நோட்டை வாங்கி பிரபாவிடம் கொடுத்தார். முதல் பக்கத்தில் அவள் புளியங்கொட்டைப் பசையைப் பற்றி எழுதிவிட்டு, அடியில் 'செய்தவர்' என்றிருந்த கோட்டின் மேல் தன் பெயரை எழுதினாள். துரைராஜ் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அன்று சாயங்காலமே என்னிடம் சொன்னாள்.

"பிரபா, ஒனக்கு நம்பர் இல்லம்மா. ஆடிட்ல கேப்பான். செய்தவர்ல நான் போட்டுக்கறேன், நீ கீழ சாட்சியில போடு. ரெண்டு பேர் கையெழுத்தும் பக்கத்துல இருக்கத்தான போவுது."

அவள் என்னிடம் கேட்டாள், "போடலாமாங்க?"

"போடு. ஒம்பேராவது நோட்டுல ஏறுதுல்ல" என்றேன்.

வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒரு ஆவணத்தில் எந்த இடத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதை வைத்துத்தான் ராஜ்யங்கள் கைமாறின என்று வருடா வருடம் ஒன்பதாம் வகுப்பில் சொல்கிறேன். என் மனைவி கேட்டபோது, போடு என்றேன்.

போட்டாள். நூற்று நாற்பத்து மூன்று பக்கங்கள், இரண்டரை வருடம். எழுதியதெல்லாம் அவள் கை. மேல் கோட்டில் துரைராஜ், கீழ்க் கோட்டில் அவள். கடைசிப் பக்கங்களில் ஒரு முழுக் குவியலுக்கே பூசிப் பார்த்திருக்கிறார்கள். பூசாத குவியலில் எழுபது டிகிரியைத் தாண்டிப் புகைந்தபோது பூசிய குவியலில் சூடு நாற்பத்தாறுக்கு மேல் ஏறவில்லை. அந்தக் கோடையில் எங்கள் மாடியில் துணி காய்ந்தது. பிரபா கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதுதான் அவளுக்கு நடந்த பாராட்டு விழா.

அடுத்த சித்திரையில் இறந்துபோனாள். கம்பெனியிலிருந்து ஒரு மாலை வந்தது. துரைராஜ் வந்து அழுதார். உண்மையாகத்தான் அழுதார் என்று நினைக்கிறேன்.

நான்கு மாதம் கழித்து புவனா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் படியில் நின்றபடியே போனை நீட்டினாள். கம்பெனி கேட்டில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் ஒன்றைப் படம் எடுத்திருந்தாள். துரைராஜும் முதலாளியின் மகனும் சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். தானாக எரியும் நிலக்கரியைத் தடுக்கும் பூச்சுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நம் கண்டுபிடிப்பாளர்களுக்கு வாழ்த்து என்று போட்டிருந்தது. பிரபாவின் பெயர் எங்கும் இல்லை.

"சார், இந்த சின்ன மொதலாளிக்கு புளியங்கொட்டைய காட்டுனா எலந்தக்கொட்டையான்னு கேப்பாரு சார்" என்றாள் புவனா. பிறகு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அன்று வந்தது வேறு. அது இன்னும் போகவில்லை.

காப்புரிமைப் படிவத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் உண்மையில் கண்டுபிடித்தவரின் பெயரைத்தான் எழுத வேண்டும். உரிமை கம்பெனிக்குப் போகலாம். பெயர் போகக் கூடாது. இதைக் கடலூரில் வக்கீலாக இருக்கும் மெர்லினிடம் தெரிந்துகொண்டேன். என் பழைய மாணவி. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அவள் பெயர் அங்கே வர வேண்டும், செய்யாதவர்கள் பெயர் போக வேண்டும் என்றேன். மெர்லின் காப்புரிமை அலுவலகத்துக்கு ஆட்சேபம் எழுதி அனுப்பினாள்.

கம்பெனியின் பதில் பதினொரு பக்கம். அதில் ஒரு பத்தியை நான் மனப்பாடமாகச் சொல்வேன். 'காலஞ்சென்ற திருமதி பிரபாவதி அவர்கள் திரு. துரைராஜ் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்த உதவியாளர் மட்டுமே. தாம் இந்த ஆய்வைச் செய்தவர் அல்லர், படித்துப் புரிந்துகொண்ட சாட்சி என்று ஒவ்வொரு பக்கத்திலும் அவரே கையெழுத்திட்டு உறுதி செய்துள்ளார்.'

அவரே. அந்தச் சொல்லை எழுதியவனை நான் பார்க்க வேண்டும்.

நோட்டின் நகல் என்று அவர்கள் இணைத்தது பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து. நான் ஒவ்வொரு தேதியாகப் படித்தேன். எண்பத்தெட்டாம் பக்கத்தின் தேதியில் துரைராஜின் மகளுக்கு வடலூரில் கல்யாணம். பிரபா காலையில் சோதனையை முடித்துவிட்டு, சாயங்காலம் என்னோடு வரவேற்புக்கு வந்தாள். காலை முகூர்த்தத்துக்கு மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த மனிதர் அதே காலையில் லேப்பில் நின்று சொல்லச் சொல்ல எழுதவைத்தாராம்.

புவனா பிரமாண வாக்குமூலம் கொடுத்தாள். கலவையைக் குழைத்ததும் அளவு சொன்னதும் பிரபாவதி அக்காதான், துரைராஜ் சார் மாதத்துக்கு ஒருமுறை வந்து மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார் என்று சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே வந்து கொடுத்தாள். அந்தப் பதினோரு மாதம் முடிந்ததும் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. அவள் புது ஆள்தானே. இப்போது குள்ளஞ்சாவடி போகிற வழியில் முந்திரி உடைக்கிற ஷெட் ஒன்றில் இருக்கிறாள். அவள் விரல்களும் கறுத்துவிட்டன.

மெர்லின் ஒன்றைத்தான் பிடித்தாள். பக்க எண் அச்சடித்த, கிழிக்கக் கூடாத நோட்டு என்று நீங்களே சொல்கிறீர்கள், முதல் பதினொரு பக்கங்கள் எங்கே? இரண்டு முறை கேட்டு எழுதியபின் வந்தன. முதல் பக்கத்தின் அடியில், செய்தவர் என்ற கோட்டின் மேல், நீல மையில் என் மனைவியின் பெயர். அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு. பக்கத்தில் துரைராஜின் சுருக்கொப்பமும் தேதியும். கூடவே ஒரு சொல்: 'தவறு'.

வகுப்பில் சொன்ன விதியை துரைராஜ் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார். அடித்தது படிக்கும்படி இருக்கிறது. என் மனைவி தன் வாழ்க்கையில் தன்னைப் பற்றி எழுதிய ஒரே சரியான வரி அது. அதன் பக்கத்தில் தவறு என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பக்கம் எங்கள் கைக்கு வந்த இரண்டாவது வாரம் சமாதானக் கடிதம் வந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். துரைராஜே கொண்டுவந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார்.

"கோவமா இருக்கீங்க சார். நியாயம்தான்."

"கடுதாசிய குடுங்க."

"பிரபா எனக்குத் தங்கச்சி மாதிரி சார்."

"தங்கச்சி பேர யாரும் அடிக்க மாட்டாங்க."

"ஆடிட்டுக்காக அடிச்சது சார் அது. காப்புரிமை கீப்புரிமைன்னு அப்ப யாரு நெனச்சா? கரி எரியாம இருந்தா போதும்னு இருந்தோம். அந்த நோட்ட என் நம்பர்ல எடுத்து நான்தான் குடுத்தேன். நான் குடுக்கலன்னா அவங்க எதுல எழுதியிருப்பாங்க, சொல்லுங்க?"

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"ஒரே ஒரு கேள்வி துரைராஜ் சார். கொட்டைய எது வரைக்கும் வறுக்கணும்?"

"அதெல்லாம் நோட்டுல இருக்கு சார்."

"நோட்டுல இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"நல்லா செவக்கற வரைக்கும்."

நான் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவருக்கு முட்டி வலி உண்டு. பிரபா அதற்கு ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். விண்ணப்பத்தில் பிரபாவதியின் பெயரை மூன்றாவது கண்டுபிடிப்பாளராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். லேப்பில் அவள் படத்தை மாட்டுவார்கள். புவனாவை மறுபடி வேலைக்கு எடுப்பார்கள். அதற்கு, மூவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள் என்று வாரிசான நான் எழுதிக் கொடுக்க வேண்டும். புவனா தன் வாக்குமூலத்தை நினைவுப் பிழை என்று சொல்லித் திரும்பப் பெற வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன், நான் கையெழுத்துப் போட இருந்தேன். அவள் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்படி இருந்தது. மூன்றாவதாக இருந்தால் என்ன, இருக்குமே என்று பேனாவைக் கையில் எடுத்தேன். போட்டால் புவனாவுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். நான் மறுத்தால் நஷ்டம் அவளுக்கு. அவளைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை பார்க்கும் ஷெட்டுக்குப் போனேன். வாசலில் முந்திரி ஓடு குவிந்து கிடந்தது. எண்ணெய் போகச் சாம்பலில் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கடிதத்தை முழுதும் படித்துச் சொன்னேன்.

"நெனவுப் பிழைன்னா இன்னா சார்?"

"மறந்துபோய் மாத்திச் சொல்லிட்டேன்னு அர்த்தம்."

"எனக்கா மறந்துபோச்சி? கம்பி குத்தி சூடு பாத்துகினு இருந்தவ நானு. ஒவ்வொரு குமியும் எத்தினி டிகிரின்னு இன்னிக்கும் சொல்லுவேன்." கையிலிருந்த சாம்பலைத் தட்டினாள். "எங்க வூட்டுக்காரரு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வேலையில சேருடீன்றாரு. அவருக்கு இன்னா, கையி எரியறது எனக்குத்தான."

"நீ போட்டுக் குடுத்தா நான் தப்பா நெனைக்க மாட்டேன், புவனா."

"நீங்க நெனைக்க மாட்டீங்க. நான் பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டு அந்த கேட்டுக்குள்ள காலத்துக்கும் போயி வரணும். அக்கா போட்டாவ வேற மாட்டி வச்சிருப்பாங்க. அதுங்கீழ நின்னு சோறு துன்னணும்." ஷெட்டின் உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "நீங்க ஒங்களுக்கு எது சரியோ செய்யிங்க சார். என் வேலைய சாக்கு சொல்லி செய்யாதீங்க. நான் குடுத்தது குடுத்ததுதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஓட்டுக் குவியல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. எட்டாவது வரை படித்த ஒரு பெண்ணுக்கு, கையெழுத்து என்றால் என்ன என்பது என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது. மூன்றாவது பெயர் என்பது பரிசு இல்லை. மேலே இருக்கிற இரண்டு பெயர்களும் உண்மை என்று பிரபாவையே மறுபடி ஒருமுறை சாட்சி சொல்லவைக்கிற வேலை அது. இந்த முறை அவள் சார்பில் நான் போடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கடலூருக்குப் போனேன். மெர்லின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"சார், ஒரு வக்கீலா சொல்றேன். இது மோசமான பேரம் இல்ல. முதல் பக்கத்துல அடிச்சிருக்கறது நமக்கு நல்ல சாட்சியம்தான், ஆனா அது ஒரு பக்கம். அவங்க கையில நூத்தி நாப்பத்தி மூணு இருக்கு. புவனா அவங்ககிட்ட வேல இழந்தவங்க, அதனால பொய் சொல்றாங்கன்னு திருப்புவாங்க."

"வாக்குமூலம் குடுத்தப்புறம்தானே வேலை போச்சு."

"தெரியும் சார். நான் அவங்க எப்படிப் பேசுவாங்கன்னு சொல்றேன்."

"துரைராஜ் பேரும் அந்தப் பையன் பேரும் இருக்கற எந்தக் காகிதத்துலயும் பிரபா பேரு வேண்டாம். அவங்க ரெண்டு பேரும் கண்டுபிடிக்கலன்னு எழுதுங்க. விசாரணைக்கு நான் வர்றேன், எத்தனை தடவ கூப்பிட்டாலும். வாணலியையும் கொண்டு வர்றேன். கொட்டைய வறுத்துக் காட்டச் சொல்லுங்க அவர."

மெர்லின் சிரிக்கவில்லை. பதிலைத் தட்டச்சு செய்து எனக்குப் படித்துக் காட்டினாள். நான் சொன்னது அப்படியே இருந்தது, வாணலியைத் தவிர.

"அனுப்பிட்டா திரும்ப எடுக்க முடியாது சார். ரெண்டு வருசம் ஆகலாம், மூணும் ஆகலாம். கடைசியில டீச்சரம்மா பேரு வராமயே போயிடலாம். அதுக்குத் தயாரா இருக்கீங்களா?"

என்னுடைய மனைவி டீச்சர் இல்லை. என் மாணவர்கள் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவள் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்காமலேயே. நான் திருத்தவில்லை.

தயாராக இல்லை. இருந்தும் அனுப்பச் சொன்னேன்.